நியூயார்க்கின் 14-ஆவது தொகுதி: யார் வாழ்கிறார்கள், யார் ஓட்டுப் போடுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாக்சன் ஹைட்ஸில் குடியிருப்பதால், அமெரிக்கத் தேர்தல் வரும்போதெல்லாம் ஊரிலிருந்தும் இங்கேயுள்ள நண்பர்களிடமிருந்தும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். "அது ஏ.ஓ.சி. தொகுதிதானே? அங்கேயே டிரம்புக்கு இவ்வளவு ஓட்டா?" என்பதுதான் கடைசியாக அதிகம் கேட்கப்பட்டது. ஏ.ஓ.சி. என்பது இந்தத் தொகுதியிலிருந்து காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட டெமாக்ரட்டிக் கட்சிக்காரர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ். அடிக்கடி வரும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

14-ஆவது தொகுதி என்பது எது?

முதலில் ஒன்று. இங்கே காங்கிரஸ் என்பது கட்சி இல்லை, அமெரிக்க நாடாளுமன்றம். அதன் கீழவையான பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள். நியூயார்க் மாநிலத்துக்கு இப்போது 26. அவற்றில் ஒன்றுதான் இந்த 14.

நியூயார்க் நகரின் ஐந்து பெருநகரப் பிரிவுகளில் குயின்ஸின் வட பகுதியும் பிராங்க்ஸின் கிழக்குப் பகுதியும் இதில் அடங்கும். நடுவே கிழக்கு ஆறு ஓடுகிறது. குயின்ஸ் பக்கம் ஜாக்சன் ஹைட்ஸ், கொரோனா, ஈஸ்ட் எல்ம்ஹர்ஸ்ட், காலேஜ் பாயிண்ட், அஸ்டோரியாவின் ஒரு பகுதி. பிராங்க்ஸ் பக்கம் பார்க்செஸ்டர், ஹன்ட்ஸ் பாயிண்ட், த்ராக்ஸ் நெக், பெல்ஹாம் பே, சிட்டி ஐலண்ட். கொரோனா என்பது ஊரின் பெயர். நோய் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அதற்கு அந்தப் பெயர்தான். 2020 வசந்தத்தில் நோய் மிகக் கடுமையாகத் தாக்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

ஒரு தொகுதியில் எத்தனை பேர்? யாரையெல்லாம் எண்ணுகிறார்கள்?

2020 கணக்கெடுப்பின்படி நியூயார்க்கில் ஒரு தொகுதிக்கு 7,76,971 பேர். இந்த எண்ணில் குழந்தைகள் உண்டு, கிரீன் கார்டுக்காரர்கள் உண்டு, மாணவர் விசாவில் வந்தவர்கள் உண்டு, எந்தக் காகிதமும் இல்லாதவர்களும் உண்டு. அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தம் 'மொத்த நபர்களை' எண்ணச் சொல்கிறது, குடிமக்களை மட்டும் அல்ல. நாம் யாருக்கும் ஓட்டுப் போட முடியாவிட்டாலும் நம் தலை இந்தக் கணக்கில் இருக்கிறது.

அந்த ஒவ்வொரு தலையும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு நியூயார்க்கின் இடங்கள் 27-இலிருந்து 26 ஆகக் குறைந்தன. மற்ற மாநிலங்களின் எண்ணிக்கை அப்படியே இருந்து, நியூயார்க்கில் இன்னும் 89 பேர் மட்டும் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தால் அந்த இடம் போயிருக்காது. ஆமாம், வெறும் 89 பேர். ஒரு வீட்டின் தரைக்கடியில் இருக்கும் பேஸ்மென்ட்டில் மூன்று குடும்பங்கள் வாழும் தெருக்கள் எங்கள் பக்கம் உண்டு. கணக்கெடுப்பு அழைப்பு யார் பெயருக்கும் இல்லை, முகவரிக்குத்தான் வரும். கீழே இருப்பவர்களை வீட்டுக்காரர் எழுதினாரா, அவர்களே எழுதாமல் விட்டார்களா என்பதெல்லாம் இந்த 89-இல் அடங்கிவிடுகிறது.

சரி, யார் யார் வாழ்கிறார்கள்?

ஏறக்குறைய பாதிப் பேர் ஹிஸ்பானிக், அதாவது லத்தீன் அமெரிக்க வேர் உள்ளவர்கள். மீதிப் பாதியை வெள்ளையர், ஆசியர், கறுப்பினத்தவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இந்த மூன்றில் எந்தப் பிரிவும் மொத்தத்தில் கால் பங்கை எட்டவில்லை. குயின்ஸை மட்டும் எடுத்தால் கிட்டத்தட்ட பாதிப் பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள்.

ரூஸ்வெல்ட் அவென்யூவில் 74-ஆம் தெரு ஸ்டேஷனில் இறங்கி கொரோனா பக்கம் ஒரு முக்கால் மணி நேரம் நடந்தால் இது புரிந்துவிடும். தலைக்கு மேலே 7-ஆம் நம்பர் ரயில் இரும்புத் தூண்களை அதிரவைத்துக்கொண்டு போகும், அது கடந்து போகும்வரை பேச்சை நிறுத்தித்தான் ஆக வேண்டும். இறங்கிய இடத்தில் பருப்பும் கறிவேப்பிலையும் வாங்கலாம். அடுத்த சந்தில் திபெத்திய மோமோ. கொஞ்சம் தள்ளி கொலம்பிய ரொட்டிக்கடை, பிறகு ஈக்வடார், அப்புறம் மெக்சிகோ.

ஹிஸ்பானிக் பாதி என்றால், அந்த ஓட்டு ஒரே பக்கம் விழுமா?

விழாது. இதை விளக்காமல் இந்தத் தொகுதியைப் பற்றிப் பேசுவதில் பயனே இல்லை என்று நினைக்கிறேன்.

பிராங்க்ஸ் பக்கம் நீண்ட காலமாக வேரூன்றியவர்கள் புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்தவர்கள். புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஆட்சிப்பகுதி. 1917 முதல் அங்குள்ளவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். தீவிலிருந்து விமானம் ஏறி நியூயார்க்கில் இறங்கி, வீடு பார்த்து, பெயரைப் பதிவு செய்தால் அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடலாம். ஏ.ஓ.சி.யின் குடும்பமும் அந்த வழிதான்.

கொரோனாவில் இருக்கும் ஈக்வடார்க்காரருக்கோ மெக்சிகோக்காரருக்கோ அப்படி இல்லை. முதலில் கிரீன் கார்டு, பிறகு ஐந்து ஆண்டுக் காத்திருப்பு (அமெரிக்கரை மணந்திருந்தால் மூன்று), அப்புறம் விண்ணப்பம், ஆங்கிலத் தேர்வு, குடிமைத் தேர்வு, உறுதிமொழி. விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2024 ஏப்ரல் முதல் ஆன்லைனில் 710 டாலர். கிரீன் கார்டே இல்லாதவர்களுக்கு இந்த வரிசையே கிடையாது. ஆகவே கணக்கெடுப்பில் 'ஹிஸ்பானிக்' என்று ஒரே கட்டத்தில் விழும் இரண்டு பேரில் ஒருவர் நாற்பது ஆண்டு வாக்காளராக இருப்பார், மற்றவர் நாற்பது ஆண்டும் வேடிக்கை பார்த்தவராக இருப்பார்.

இந்தத் தொகுதியை நான் மூன்றாகப் பிரித்துத்தான் பார்ப்பேன்: வாழ்பவர்கள், ஓட்டுரிமை உள்ளவர்கள், உண்மையில் சாவடிக்குப் போனவர்கள். மூன்றும் ஒரே வரைபடத்துக்குள் இருக்கும் மூன்று வேறு ஊர்கள். அடுத்து வரும் எந்த எண்ணைப் பார்த்தாலும் அது இந்த மூன்றில் எந்த ஊரைப் பற்றியது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2018-இல் நடந்தது என்ன?

ஜோ க்ரௌலி 1998-இல் தேர்ந்தெடுக்கப்பட்டு இருபது ஆண்டு இந்தப் பகுதியின் உறுப்பினராக இருந்தவர். குயின்ஸ் டெமாக்ரட்டிக் கட்சியின் தலைவர், பிரதிநிதிகள் சபையில் அக்கட்சியின் நான்காம் நிலைத் தலைவர். 2004-க்குப் பிறகு சொந்தக் கட்சிக்குள் அவரை யாரும் எதிர்க்கவே இல்லை. எதிர்த்து நின்ற அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ்ஸுக்கு அப்போது வயது 28. பணத்தில் க்ரௌலி பத்து மடங்குக்கும் மேல். பிராங்க்ஸில் நடந்த ஒரு விவாதத்துக்கு அவர் தான் வராமல் வேறொருவரை அனுப்பினார், அவர் உட்காராத நாற்காலியே ஊர்ப் பேச்சானது.

ஜூன் 26 அன்று பிரைமரி, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல், நடந்தது. ஏ.ஓ.சி.க்கு சுமார் 57 சதவீதம், க்ரௌலிக்கு 43. நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள்: இருவரும் சேர்ந்து பெற்றது 30,000-க்கும் குறைவான ஓட்டு. வென்றவருக்குக் கிடைத்தது 17,000-க்கும் குறைவு. ஏழு லட்சத்துக்கும் மேலானோர் வாழும் இடத்தில், நூறு பேருக்கு ஏறக்குறைய நான்கு பேர் போட்ட ஓட்டு முடிவு செய்தது. பதிவு செய்த டெமாக்ரட்டுகளிலேயே ஏழெட்டுப் பேரில் ஒருவர்தான் வந்திருந்தார்.

அவர் மிக வலுவாக வென்ற இடங்களில் முக்கியமானவை அஸ்டோரியா, சன்னிசைடு. வாடகை ஏறிக்கொண்டிருந்த, இளம் பட்டதாரிகள் குடியேறிக்கொண்டிருந்த பகுதிகள் அவை. ஹிஸ்பானிக் தொகுதி ஹிஸ்பானிக் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது என்று பலர் எழுதினார்கள். அது பாதிக் கதைதான். (2022 எல்லை மாற்றத்தில் சன்னிசைடு தொகுதியை விட்டே போய்விட்டது.)

2020 பிரைமரியில் சுமார் 62,000 பேர் ஓட்டுப் போட்டார்கள், இரண்டு மடங்குக்கும் மேல். அவருக்கு நான்கில் மூன்று பங்கு. வெற்றியை விட இந்த வருகைதான் பெரிய மாற்றம் என்பேன்.

பிரைமரிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? நவம்பர் தேர்தல்தானே உண்மையான தேர்தல்?

சட்டப்படி ஆமாம். நடைமுறையில், டெமாக்ரட் வேட்பாளர் நவம்பரில் 70 சதவீதம் வாங்கும் இடத்தில் முடிவு ஜூன் மாதமே தெரிந்துவிடுகிறது.

நியூயார்க்கில் பிரைமரி மூடிய பிரைமரி. அந்தக் கட்சியில் பெயர் பதிந்தவர்கள் மட்டுமே போடலாம். கட்சிப் பெயரே இல்லாமல் பதிந்தவர்கள் இந்த நகரில் சுமார் 10 லட்சம் பேர். அவர்களுக்கு ஜூனில் சாவடிக் கதவு திறக்காது. 2018-இல் நிலைமை இன்னும் மோசம். ஏற்கெனவே பதிந்த ஒருவர் கட்சியை மாற்றிக்கொண்டு ஜூன் பிரைமரியில் பங்கேற்க வேண்டுமானால் முந்தைய அக்டோபரிலேயே படிவம் கொடுத்திருக்க வேண்டும். எட்டு மாதத்துக்கு முன்னால் யாருக்கு யார் நிற்கிறார்கள் என்று தெரியும்? பிறகு சட்டம் மாறி, அந்தக் கெடு பிப்ரவரி 14 ஆனது. நாள் கணக்கில் முன்கூட்டியே ஓட்டுப் போடும் வசதியும் 2019-இல்தான் வந்தது.

2024-இல் டிரம்புக்கு இங்கே எப்படி அவ்வளவு ஓட்டு?

2020-இல் இப்போதைய எல்லைக்குள் டிரம்ப் பெற்றது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 2024-இல் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நகரம் முழுக்க 23-இலிருந்து 30 சதவீதத்துக்கு ஏறியபோது இங்கே அதைவிட வேகமாக ஏறியிருக்கிறது. பிராங்க்ஸ் முழுவதையும் பார்த்தால் 2016-இல் நூற்றுக்குப் பத்துகூட இல்லை, 2020-இல் 16, 2024-இல் 27.

ஆனால் சதவீதத்தோடு நிறுத்தினால் ஏமாந்துபோவோம். பிராங்க்ஸில் 2020-இல் பைடன் பெற்றது சுமார் 3,55,000, 2024-இல் ஹாரிஸ் பெற்றது சுமார் 2,61,000. டிரம்ப் ஏறக்குறைய 68,000-இலிருந்து 98,000-க்கு ஏறினார். அதாவது ஒரு பக்கம் 94,000 காணாமல் போயிற்று, மறுபக்கம் 30,000 கூடிற்று. கட்சி மாறியவர்கள் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் வீட்டைவிட்டே கிளம்பாதவர்கள் அவர்களைவிட அதிகம் என்றே தோன்றுகிறது. எல்லா டி.வி.யிலும் 'சாய்வு' என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வராதவர்களின் வரிசை.

ஏன் வரவில்லை, ஏன் மாறினார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் முதல் பதில் விலைவாசி. முட்டை, வாடகை, கார் இன்ஷூரன்ஸ். இரண்டாவது, 2022 வசந்தம் முதல் நகரத்துக்கு வந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய குடியேறிகள். பத்துப் பதினைந்து ஆண்டு வரிசையில் நின்று காகிதம் வாங்கியவர்களில் சிலருக்கு, புதிதாக வந்தவர்களுக்கு ஹோட்டல் அறை கிடைத்தது மனக்குறையாகவே இருந்தது. இந்தக் கோபம் குடியேறியவர்களிடமே இருந்து வந்தது என்பதை வெளியூர்க்காரர்கள் நம்ப மறுக்கிறார்கள். மூன்றாவது, ரூஸ்வெல்ட் அவென்யூவில் பாலியல் தொழிலும் திருட்டும் பற்றிய புகார்கள். 2024 அக்டோபரில் அங்கே 90 நாள் போலீஸ் நடவடிக்கையே நடந்தது. நான்காவது காஸா. பார்க்செஸ்டரிலும் ஜாக்சன் ஹைட்ஸிலும் உள்ள முஸ்லிம் குடும்பங்களில் இது தனிப்பட்ட துக்கம் போல இருந்தது, இன்னும் இருக்கிறது.

ஒரே ஆள் டிரம்புக்கும் ஏ.ஓ.சி.க்கும் போட்டிருப்பாரா?

போட்டிருக்கிறார்கள். 2024-இல் தொகுதியில் ஹாரிஸ் சுமார் 65 சதவீதம், ஏ.ஓ.சி. சுமார் 69. தேர்தல் முடிந்ததும் அவரே இன்ஸ்டாகிராமில் "எனக்கும் டிரம்புக்கும் போட்டவர்கள் ஏன் என்று சொல்லுங்கள்" என்று கேட்டார். இருவரும் சாதாரண ஆட்களுக்காகப் பேசுகிறார்கள், வழக்கமான அரசியல்வாதிகள் இல்லை என்ற மாதிரியான பதில்கள் வந்தன. கொள்கைப் பட்டியலை வைத்து ஒப்பிடுபவருக்கு இது விளங்காது. 'இவர் நம்மிடம் பேசுகிறாரா' என்று பார்ப்பவருக்கு உடனே விளங்கும்.

அதே நேரம் அவருடைய நவம்பர் சதவீதமும் மெல்ல இறங்கித்தான் வருகிறது: 2018-இல் 78, 2020-இல் 72, 2022-இல் 71, 2024-இல் 69. நடுவில் எல்லை மாறியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வெள்ளையர்கள் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும். அஸ்டோரியாவில் வாடகைக்கு இருக்கும் முப்பது வயதுக்காரர் இடதுசாரி. த்ராக்ஸ் நெக்கில் சொந்த வீடும் வாசலில் கொடியும் வைத்திருக்கும் இத்தாலிய, ஐரிஷ் குடும்பங்கள் குடியரசுக் கட்சிப் பக்கம். த்ராக்ஸ் நெக், பெல்ஹாம் பே, சிட்டி ஐலண்ட் உள்ளிட்ட நகரமன்ற வட்டத்தில் 2023-இல் குடியரசுக் கட்சியின் கிறிஸ்டி மார்மராட்டோ வென்றார். பிராங்க்ஸில் அக்கட்சிக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் கிடைத்த முதல் வெற்றி அது. 2025-இல் அந்த இடம் மறுபடி டெமாக்ரட்டிடம் போயிற்று.

தமிழர்கள் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறோம்?

எண்ணிக்கையில் சிறியவர்கள். நம் ஆட்கள் அடிக்கடி போகும் பிளஷிங் பிள்ளையார் கோயில்கூடப் பக்கத்து 6-ஆவது தொகுதியில்தான் வருகிறது. இங்கே தெற்காசிய ஓட்டு என்றால் முதன்மையாக வங்கதேசத்தவர். பார்க்செஸ்டரில் ஸ்டார்லிங் அவென்யூவை 'பங்க்ளா பஜார்' என்றே சொல்கிறார்கள்.

ஐ.டி. வேலையில் எச்-1பி விசாவில் இருக்கும் தமிழர்களுக்கு இன்னொரு தடை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலைவழி கிரீன் கார்டு வரிசை பல ஆண்டுகள், சில பிரிவுகளில் பத்தாண்டுக் கணக்கில். வரி கட்டுகிறோம், கணக்கெடுப்பில் இருக்கிறோம், இங்கே பிறந்த பிள்ளை 18 வயதில் ஓட்டுப் போடுகிறது. அப்பா இன்னும் வரிசையில் நிற்கிறார். இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

தமிழில் வாக்குச்சீட்டு உண்டா?

இல்லை. ஒரு மொழிச் சிறுபான்மையில், ஆங்கிலம் போதாத வாக்களிக்கும் வயதுக் குடிமக்கள் ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) 10,000-க்கு மேலோ 5 சதவீதத்துக்கு மேலோ இருந்தால் அவர்கள் மொழியில் உதவி தர வேண்டும் என்பது வாக்குரிமைச் சட்டத்தின் முக்கிய அளவுகோல். குயின்ஸில் ஸ்பானிஷ், சீனம், கொரியனோடு 'ஆசிய இந்தியர்' என்ற பிரிவும் 2011-இல் தகுதி பெற்றது. எந்த இந்திய மொழி என்று சட்டம் சொல்லவில்லை. வங்காளம் தேர்வானது, 2013 முதல் சில சாவடிகளில் வங்காளச் சீட்டு வந்தது. பள்ளி ஜிம் ஒன்றில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை போட்டு, ஒரு பெரியவர் அந்தச் சீட்டைக் கண்ணுக்கு அருகில் பிடித்து எழுத்து எழுத்தாகப் படித்து, பேனாவால் வட்டத்தை நிரப்பி, ஸ்கேனரில் தானே செலுத்தியதைப் பார்த்திருக்கிறேன். கூட வந்த பேரனைக் கையால் விலக்கிவிட்டார்.

ஆங்கிலம் படிக்க முடியாத தமிழ்ப் பெரியவர்கள் தங்களுக்கு வேண்டியவரை உதவிக்கு உள்ளே அழைத்துப் போகலாம், அது உரிமை. மகன், மகள், பக்கத்து வீட்டுக்காரர் யாராகவும் இருக்கலாம். வேலை கொடுத்தவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது.

குடியுரிமை இல்லாதவர்கள் நகரத் தேர்தலிலாவது போட முடியாதா?

முயற்சி நடந்தது. 2021 டிசம்பரில் நகரமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. கிரீன் கார்டோ வேலை அனுமதியோ உள்ள சுமார் 8 லட்சம் பேருக்கு மேயர், நகரமன்றத் தேர்தல்களில் ஓட்டுரிமை தர நினைத்தது. 2022-இல் நீதிமன்றம் தடுத்தது. 2025 மார்ச்சில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 6-1 என்று அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. கதவு மூடியாயிற்று.

2025 மேயர் தேர்தல் 2024-ஐப் பொய்யாக்கிவிட்டதா?

பொய்யாக்கவில்லை, ஆனால் அதன் இன்னொரு பாதியைக் காட்டியது. அஸ்டோரியாவின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த இடதுசாரி டெமாக்ரட் ஸோரான் மம்தானி நவம்பர் 4 அன்று வென்றார். நகரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓட்டுப் போட்டார்கள், 1969-க்குப் பிறகு மேயர் தேர்தலில் இதுவே அதிகம். ஜூன் பிரைமரியில் பிராங்க்ஸில் பின்தங்கியிருந்தவர் நவம்பரில் அங்கேயும் முன்னணி பெற்றார். வாடகையும் பஸ் கட்டணமும் அவர் பேச்சின் மையம். 2024-இல் 'வலதுபக்கம் சாய்ந்துவிட்டது' என்று எழுதப்பட்ட அதே தெருக்களில் ஒரே ஆண்டில் இது நடந்தது. வராதவர்கள் வந்தால் சதவீதம் எப்படி மாறும் என்பதை நேரில் பார்த்தோம்.

புதிதாகக் குடியுரிமை வாங்கியிருக்கிறேன். இப்போது என்ன செய்ய வேண்டும்?

உறுதிமொழி எடுத்த உடனேயே வாக்காளராகப் பதியுங்கள். தேர்தலுக்குக் குறைந்தது 10 நாள் முன்பாகப் படிவம் போய்ச் சேர வேண்டும். வயதான அப்பா அம்மாவுக்காகக் கேட்பவர்களுக்கு: 50 வயதும் 20 ஆண்டு கிரீன் கார்டும், அல்லது 55 வயதும் 15 ஆண்டும் ஆகியிருந்தால் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு, குடிமைத் தேர்வை மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தமிழிலேயே வாய்மொழியாகச் சொல்லலாம்.

படிவத்தில் கட்சியைக் கேட்கும் கட்டத்துக்கு வரும்போது கொஞ்சம் நில்லுங்கள். 'நமக்கு எதற்குக் கட்சி' என்று நம் ஆட்களில் பெரும்பாலோர் 'எந்தக் கட்சியும் இல்லை' என்பதில் டிக் அடித்துவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன், அந்த ஜூன் பிரைமரியை வீட்டிலிருந்தே பார்த்தேன். எந்தக் கட்சி என்பது உங்கள் விருப்பம். பிறகு மாற்றிக்கொள்ள நினைத்தால், பிப்ரவரி 14-க்குள் கொடுத்தால் அந்த ஆண்டு ஜூனுக்குச் செல்லும்.